இடது கைக்கு மட்டும் அஸ்தர்

வாலெனி, ஏப்ரல் 28

அன்புத் தங்கை ரஹேலாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடிருக்கட்டும். அம்மாவுக்கு மூச்சிரைப்பு கொஞ்சம் பரவாயில்லை. நீ ஞானஸ்நானம் எடுப்பதைப் பார்த்துவிட்டால் போதும் என்கிறாள். ஜூனில் வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, நம் ஆற்றில், சபைப் போதகராக அப்பாவே கொடுக்கிறார். உன் வெள்ளை அங்கியைத் தைக்கத் தொடங்கிவிட்டேன். கை அளவு அனுப்பு.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. நீ அனுப்புகிற எல்லாப் படங்களிலும் மணிக்கட்டு வரை சட்டை போட்டிருக்கிறாயே, ஏன்? நேற்று அப்பா சோளக் களியை நூலால் அறுத்துக்கொண்டே, "ஏம்மா, படிச்ச பொண்ணுங்களுக்கு க்ளூஜ் பட்டணத்துல வெயிலே அடிக்காதா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் களி இறங்கவில்லை.

உன் அக்கா,
தபிதா


க்ளூஜ், மே 9

அன்பு அக்காவுக்கு,

போனில் பேசினால் அப்பா பக்கத்தில் இருப்பார். அதனால்தான் எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

இடது முன்கையில் பச்சை குத்தியிருக்கிறேன். அண்ணன் பெயர். தோளில் நங்கூரம் குத்திக்கொண்டதற்காக அவனைச் சபையிலிருந்தும் வீட்டிலிருந்தும் நீக்கினார்கள். இத்தாலியில் சாரத்திலிருந்து விழுந்து பெட்டியில் வந்தவனுக்குக் கல்லறையில் பெயர்கூட எழுத விடவில்லை அப்பா. எங்கேயாவது இருக்கட்டும் என்றுதான் 'நத்தான்' என்று குத்திக்கொண்டேன்.

இங்கே சபையில் கிட்டார் வாசிப்பவரின் கை முழுக்க வசனம். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கர்த்தர் ஊருக்கு ஒரு மாதிரியா பார்ப்பார்? இங்கேயே முழுக்கு எடுத்துவிடலாம். ஆனால் அம்மாவால் க்ளூஜ் வரை வர முடியாது.

தெரிந்தால் எனக்கும் அண்ணன் கதிதான். அப்புறம் அம்மாவைப் பார்க்க முடியாது. வெள்ளைத் துணி நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும். கைக்கு உள்பக்கம் அஸ்தர் துணி வைத்துத் தைப்பாயா?

உன் ரஹேலா


வாலெனி, மே 24

ரஹேலா,

அஸ்தர் வைத்தேன். அவசரத்தில் இடது கைக்கு மட்டும் வைத்துவிட்டேன். நேற்று அப்பா அங்கியை எடுத்து ஜன்னலோரம் விரித்துப் பிடித்தார். ஒரு கையில் வெளிச்சம் வந்தது, மற்றதில் வரவில்லை.

"ஒரு கைக்கு மட்டும் குளிருமா?" என்றார். "பிரிச்சுடு. தண்ணியில இறங்குறவ எதையும் மூடிக்கிட்டு இறங்கக் கூடாது."

கடைசித் தையல் பிரியும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கவேயில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆறும் இந்த வருடம் கலங்கி ஓடுகிறது.

காய்ச்சல் என்று சொல்லிவிடு. வராதே.

தபிதா


க்ளூஜ், மே 31

அக்கா,

வருகிறேன். பொய்க் காய்ச்சல் சொல்லிவிட்டு ஞானஸ்நானத்தை நினைக்க முடியவில்லை.

முழுக்கும்போது நம் இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்காக வைத்து, மேலே இருப்பதை அப்பா பிடிப்பார் இல்லையா? இடது கையை மேலே வைக்கப்போகிறேன். அண்ணன் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் அவர் என்னைத் தண்ணீரில் முழுக்க வேண்டும். பிடிப்பாரா, விட்டுவிடுவாரா, தெரியவில்லை. அன்று அம்மாவை ஆற்றுக்குப் பக்கத்தில் உட்கார வை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ரஹேலா


வாலெனி, ஜூன் 17

என் அன்பு ரஹேலா,

அப்பா உன் கையை விட்டுவிட்டுக் கரையேறிய பிறகும் சபையாரின் பாட்டு நிற்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நீ தனியாக நின்றது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

உன்னை இனி யாரும் சேர்க்கக் கூடாது, பெயரையும் உச்சரிக்கக் கூடாது என்று சபையில் சொல்லிவிட்டார். மேசையில் உன் தட்டு இல்லை. அப்பா வெளியே போனதும் அம்மா, "ஈரத்தோடயேவா பஸ் ஏறினா?" என்று கேட்கிறாள். தினமும் கேட்கிறாள். இங்கே கடிதம் எழுதாதே. இப்போது தபாலை அவரே வாங்குகிறார், அவர் கையில்தான் முதலில் கிடைக்கும்.

திங்கட்கிழமை அம்மாவுக்கு மருந்து வாங்க சுசேவா டவுனுக்குப் போனேன். அப்படியே இன்னொரு கடைக்கும் போனேன். அண்ணன் பெயர் உன் கையில் இருக்கிறது. உன் பெயருக்கும் ஓர் இடம் வேண்டாமா? நினைத்த அளவு வலிக்கவில்லை.

இரண்டு நாளாக நானும் மணிக்கட்டு வரைதான் சட்டை போடுகிறேன். இங்கே வெயில் ஏறிக்கொண்டே போகிறது. அப்பா இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

உன் அக்கா,
தபிதா