நாற்பது கணினிகளும் ஒரே பகடையும்

அனுப்புநர்
ஓட்வார் ஹெல்லே,
படகுத்துறை எந்திரப் பணியாளர் (ஓய்வு),
ஹெல்லேவிக், நார்வே.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
நூர்தாங்கர் பல்கலைக்கழகம்.

பொருள்: புள்ளியியல் பேராசிரியர் இங்வில்ட் துவேய்த்தன் அவர்களுக்கு ஓய்வுக்குப் பின் அறையும் கணினி அனுமதியும் மறுக்கப்பட்டது – மறுபரிசீலனை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பேராசிரியருக்கு வக்காலத்து வாங்க எனக்கு உறவோ கடனோ இல்லை. சொல்லப்போனால், அவர் எழுதிய ஒரு கடிதத்தால் வீட்டை இழந்தவன் நான். இதை மனதில் வைத்து மேலே படிக்க வேண்டுகிறேன்.

2. எங்கள் ஊருக்கு மேலுள்ள மலையில் பனி சரிந்தால் எதுவரை வரும் என்பதை அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். பனியின் ஆழம், காற்று, குளிர் ஆகியவற்றைப் பகடை உருட்டுவதுபோல் மாற்றி மாற்றிக் கொடுத்து, கணினிக்குள் ஆயிரக்கணக்கான குளிர்காலங்களை ஓடவிடுவார். கேள்விப்பட்டபோது சிரித்தேன். ஆனால் ஒவ்வொரு மார்ச்சிலும் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டிப் பொட்டலத்துடன் வந்து, தம் கையாலேயே பனியைத் தோண்டி அளப்பார். "எங்க வீட்டு மேல எப்போ விழும்?" என்று ஒருமுறை கேட்டேன். "தெரியாது. எப்போன்னு சொல்றவன நம்பாதீங்க, ஓட்வார்" என்றார்.

3. பிழையைப் பற்றி: வேலை பெருகியதால் அதை நாற்பது கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். பகடை எப்படி உருளும் என்பதைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கொடுத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே எண் போய்விட்டது. நாற்பதும் ஒரே பகடையை ஒரே வரிசையில் உருட்டின. நாற்பதாயிரம் குளிர்காலம் என்று நம்பியது உண்மையில் ஆயிரம்தான். அதை நம்பித்தான், சரிவு எங்கள் வீடுகள்வரை வராது என்று கட்டுரை எழுதியிருந்தார்.

4. ஆறு ஆண்டுகள் எவர் கண்ணிலும் இது படவில்லை. கட்டுரையை வெளியிட்டவர்களும் அதற்குப் பரிசளித்தவர்களும் கவனிக்கவில்லை. இரண்டு கணினிகளின் விடை கடைசித் தசமம்வரை ஒத்திருப்பதைக் கண்டுபிடித்தவர் அவரே. அந்த வாரமே இதழுக்கும் நகராட்சிக்கும் எழுதிவிட்டு, எங்கள் ஊர்மன்றத்தில் வந்து நின்றார். "தப்பு என்னோடது. மாணவங்களோடது இல்ல" என்றார். என் மனைவி குன்வோர், "அப்போ விழுமா, விழாதா?" என்று கேட்டாள். "விழாதுன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். விழும்னும் சொல்ல மாட்டேன்" என்றார். நான் கதவை அறைந்துவிட்டு வெளியேறினேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

5. திருத்திய கணக்கில், ஆயிரத்தில் ஒருமுறைகூட வராத பெருஞ்சரிவு, நாற்பதாயிரத்தில் அறுபத்திரண்டு முறை எங்கள் வீடுகளை எட்டியது. வடக்கு ஓடையின் கீழிருந்த மூன்று வீடுகளைக் காலி செய்தோம். நான்கு குளிர்காலம் ஆயிற்று, பனி சரியவில்லை. "உன் வீடு இன்னும் நிக்குது பாத்தியா?" என்று கடையில் கிண்டல் செய்கிறார்கள். நிற்கட்டும். எங்களிடம் உண்மையைச் சொன்னார், அது எனக்குப் போதும்.

6. இந்த ஜூனில் அவர் ஓய்வு பெற்றபோது, வழக்கமாகத் தரப்படும் அறையும் கணினி அனுமதியும் 'கவனக்குறைவு' என்று காரணம் காட்டி மறுக்கப்பட்டன. கவனிக்காத அத்தனை பேரும் நாற்காலியில் இருக்க, கவனித்தவருக்கு மட்டும் தண்டனையா என்று பணிவுடன் கேட்கிறேன்.

7. தெற்கு ஓடையின் கீழ் இன்னும் ஆறு வீடுகள் உள்ளன. திருத்திய கணக்கு வடக்கு ஓடைக்கு மட்டுமே போடப்பட்டது; இவை பத்திரம் என்று சொல்வது அந்தப் பழைய கணக்குத்தான். அங்கு பனி அளக்கும் வேலை சென்ற மார்ச்சில்தான் முடிந்தது. இனி கணினியில் ஓட்ட வேண்டியதே பாக்கி. புதியவர் ஒருவர் தொடங்கினால் இரண்டு ஆண்டாகும் என்று தங்கள் துறையிலேயே சொல்கிறார்கள். அவருக்கோ நவம்பர்வரை போதும்.

8. இம்மனு பேராசிரியருக்குத் தெரியாது. தெரிந்தால் இதிலுள்ள எண்களைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்புவார்.

ஆகவே, 'கவனக்குறைவு' என்ற அந்தச் சொல்லைக் கோப்பிலிருந்து நீக்கி, அவருக்கு அறையையும் கணினி அனுமதியையும் பனி விழுமுன் வழங்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். தெற்கு ஓடையின் கீழ் இரண்டாவது வீட்டில் என் மகள் தூருன் தன் இரண்டு குழந்தைகளுடன் குடியிருக்கிறாள். பனிச்சரிவு அங்கே விழும் என்று நான் சொல்லவில்லை. விழுமா விழாதா என்று கணக்கிடக்கூடிய ஒருவரைத் தாங்கள் வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள்.

இடம்: ஹெல்லேவிக்
நாள்: 19 ஆகஸ்ட்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஓட்வார் ஹெல்லே

இணைப்பு: ஆறு வீட்டாரின் கையொப்பங்கள்.