டீச்சரம்மாவின் கதவில் ஒரு மணி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு.

நான் வேலை பார்க்கும் இந்த முதியோர் இல்லத்தில் ஒரு சின்னச் சண்டை, பயப்படாதே. மறதி நோயுள்ள டீச்சரம்மா அடிக்கடி அறையை விட்டுக் கிளம்பிவிடுகிறார். படிக்கட்டில் விழுந்தால் ஆபத்து.

"நீ எலக்ட்ரீஷியன்தானே, வெளிப்பக்கமா ஒரு தாழ்ப்பாள் போட்டுடு" என்றார் சூப்பர்வைசர்.

"இது என்ன கோழிக்கூண்டா சார்? போட மாட்டேன்."

"அப்ப வேற வேலை பாத்துக்க."

"பாத்துக்கறேன்."

டீச்சரம்மாவிடமே போய்க் கேட்டேன். "உங்க கதவுல மணி வெக்கட்டுமா? நீங்க கிளம்பினா நானும் கூட வருவேன்."

"வையி. லேட்டா வந்தா முட்டி போட வெச்சிடுவேன்!"

வைத்துவிட்டேன்.

உன் மருமகள் கண்மூடுவதற்கு முந்தின வாரம், ஊசிக் குழாயைப் பிடுங்குகிறாள் என்று ஆஸ்பத்திரியில் அவள் கையைக் கட்டிலோடு கட்டினார்கள். "அவுக்கச் சொல்லுங்க" என்றாள். நான் வாயே திறக்கவில்லை அம்மா. இனி அப்படி நிற்க மாட்டேன். வேலை போனாலும் சரி, அந்த மணியைக் கழற்ற மாட்டேன்.

இங்கே போர்வை போதவில்லை. அவளுடைய பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்காதே, அப்படியே அனுப்பு.

மணி அடிக்கிறது. டீச்சரம்மா கிளம்பிவிட்டார், நானும் கூடப் போகிறேன்.

உன் மகன்