செல்வி கொடுத்த பிராது

12.11.1974, செவ்வாய்

இன்று கடப்பாக்கம் ஊர்ப் பஞ்சாயத்தில் அக்கா மகள் செல்வி, புருஷன் மேலேயே பிராது கொடுத்துவிட்டாள். ரேடியோவில் புயல் என்று சொன்ன பிறகும் காசி கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகிறானாம்.

காசிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஊரைக் கூட்டி என்மேல குத்தம் சாட்டறியா? இனிமே உன் வூட்டுப்படி ஏறமாட்டேன்!" என்று துண்டை உதறினான்.

நான் சும்மா இருப்பேனா? சபை நடுவே போய் நின்றேன்.

"மாப்ள, பிராதுன்னா இன்னா தெரியுமா? பார்சி பாஷை. குத்தம் சாட்டறதெல்லாம் பின்னால வந்த அர்த்தம். 'காப்பாத்துங்க'ன்னு அலறறதுக்குத்தான் மொதல்ல அந்தப் பேரு. ஆலம்பரைக் கோட்டை நவாப்பே எங்க முப்பாட்டன்கிட்ட சொன்னது!"

செங்கல்பட்டு கோர்ட்டு குமாஸ்தா டீக்கடையில் சொன்னதுதான். நவாப்பு மட்டும் என் கைச்சரக்கு.

காசி அவளைப் பார்த்தான். "அலறிகினா கீற?"

"பின்ன? நீ கடல்ல கீறப்பல்லாம் வேற இன்னா பண்றேன்?"

பஞ்சாயத்தார் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. நேராகக் கரைக்குப் போய், கட்டுமரத்தை அவிழ்த்துக் கட்டைகளை மேட்டில் போட்டான்.

இப்போது காற்று கூரையைப் பிய்க்கிறது. பக்கத்து வீட்டில் செல்வி, காசி இரண்டும் குழம்பில் உப்பில்லை என்று சண்டை போடுகின்றன. கேட்டுக்கொண்டே படுத்தபடி எழுதுகிறேன். சுகமாகத் தூக்கம் வரு...