ஓம் சொல்லிப் பழகின அம்மாவுக்கு

என்ர அம்மாவுக்கு,

நான் பாஸ். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துக் கதைக்க எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும். கல்வியியற் கல்லூரியிலிருந்து வந்து நாங்கள் படிப்பிப்பதைப் பார்க்கிற கடைசி அவதானிப்பு போன புதன்கிழமை முடிந்தது. இனி நியமனக் கடிதம் வருவதுதான் மிச்சம். போன் திருத்துகிற கடையில் நாள் முழுக்கக் குனிந்துகொண்டு இருந்தவன், இனிக் கணினி படிப்பிக்கிற வாத்தியார்.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருசம். அப்படியிருந்தும் அன்று பின்னேரம் உங்களுக்குக் குரல் பதிவு அனுப்பப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். உங்கட பெயரைத் தேடி அமத்தின பிறகுதான் விளங்கியது. அதனால் எழுதுகிறேன். நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன், ஏனென்றால் நான் உங்களுக்குச் செய்த பிழையும் நாலு பேருக்கு முன்னால்தான் நடந்தது.

பயிற்சிக்கு எனக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் விசுவமடுவிலிருந்து உள்ளே போகிற கிரவல் வீதியில் இருக்கிறது. புதுக்குடியிருப்பிலிருந்து மோட்டர்சைக்கிளில் போய் இறங்கும்போது சேட்டுக் கொலர் சிவந்திருக்கும். நான் போன அன்று கணினி அறையில் எட்டுக் கணினி, அதில் ஐந்தில் ‘பழுது’ என்று எழுதி ஒட்டியிருந்தது. யார் பார்த்தது, என்ன பழுது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியாது. எனக்கு விசர் வந்தது. கழற்றினேன். நினைவகத் தகட்டைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் நாலு உயிர் பெற்றுவிட்டன. இப்ப ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே அதைச் செய்கிறார்கள். கொம்பாஸ் பெட்டிக்குள் ‘கணினிக்கு’ என்று தனி அழிறப்பர் வைத்திருக்கிறார்கள் அம்மா. எட்டாவது செத்தது செத்ததுதான். அதைத் திறந்து வைத்து உள்ளுக்கு என்ன இருக்கிறது என்று காட்டுகிறேன்.

புரொஜெக்டர் ஒன்றும் இருக்கிறது. யன்னலுக்குத் திரைச்சீலை இல்லை, வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. நெல்லுச் சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டோம். பாடம் தொடங்கினால் முதல் ஐந்து நிமிசம் எல்லாரும் தும்முவார்கள். பிறகு பழகிவிடும்.

கல்லூரியில் ‘வகுப்பறையில் தொழினுட்பம்: எதிர்கால ஆசிரியரின் பார்வை’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். ‘தொழினுட்பம் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக நடத்தும்’ என்று எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது. அதை எழுதினவனை இப்ப பிடித்து இருத்தி நாலு கேள்வி கேட்க வேணும் போல இருக்கிறது.

புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

பாடம், உள்ளீட்டுச் சாதனங்கள். விசைப்பலகையும் சுட்டியும் எல்லாருக்கும் தெரியும், அன்றைக்கு மைக். மைக்கில் கதைத்தால் அதைத் தமிழில் எழுதித் திரையில் காட்டுகிற செயலி ஒன்று இருக்கிறதே, அதைக் காட்டப் போனேன். முதல் நாள் வீட்டில் பத்துத் தரம் சோதித்துப் பார்த்திருந்தேன். ஒரு எழுத்துப் பிழையும் வரவில்லை. அவதானிக்க வந்த விரிவுரையாளர் மிஸ் பின்வரிசை வாங்கில் படிவத்தோடு இருந்தா. அவா சிரிக்கிற ஆள் இல்லை.

முதலில் நிலக்சனைக் கூப்பிட்டேன். வகுப்பில் வாய் கூடினவன். விளங்குதா என்று நான் கேட்க, மைக்கைப் பிடித்து “ஓம் சேர்” என்றான். திரையில் ‘ஓம் சக்தி’ என்று விழுந்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது. திரும்பச் சொல்லு என்றேன். அவன் பதறி, “எனக்கு விளங்கேல்லை” என்றான். ‘எனக்கு விலங்கு இல்லை’ என்று எழுதியது.

“சேர், பொய் சொல்லுது. எங்கட வீட்டில ரெண்டு மாடு நிக்குது,” என்றான் நிலக்சன்.

மிஸ் சிரிக்கவில்லை. படிவத்தில் ஏதோ எழுதினா. இன்னும் நாலு பேரைக் கதைக்க விட்டேன். ஒருவரையும் அதுக்கு விளங்கவில்லை. பிள்ளைகளுக்குச் செவ்வையாகக் கதைக்கத் தெரியவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் நான் மறைக்கக் கூடாது.

அப்போதுதான் பின்னால் இருந்து யாரோ, “சேர், ஆமையை விடுங்கோ, ஆமை கதைக்கட்டும்,” என்றது.

ஆமை என்றது தர்ஷினியை. அவளுடைய குடும்பம் உங்கட குடும்பம் மாதிரித்தான், மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த ஆட்கள். எல்லாரும் ‘ஓம்’ என்கிற வகுப்பில், சேர்ந்த முதல் நாளே ‘ஆமா’ என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவள் ஆமை. ஒரு தவணையாக அவள் வாய் திறந்து நான் காணவில்லை. அந்தப் பட்டப்பெயர் எனக்குத் தெரியும் அம்மா. தெரிந்தும் விட்டுவிட்டேன். சின்னப் பகிடி, தானாக ஓயும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். எழும்பி வந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்தபடி, “ஆமா சார், எனக்குப் புரியுது. அவங்க பேசுறதுதான் இதுக்குப் புரியல,” என்றாள்.

திரையில் அப்படியே விழுந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை.

எல்லாரும் திரையைப் பார்க்க, நான் அந்த ‘ஆமா’வை மட்டும் பார்த்தபடி நின்றேன்.

அம்மா, எட்டாம் வகுப்பு ரிப்போட் குடுத்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் வன்னியிலேயே பிறந்தும் உங்கட கதை தோட்டத்துக் கதைதான். நாங்கள் ‘உங்கட’ என்போம், நீங்கள் ‘உங்க’ என்பீர்கள். நாங்கள் ‘இருங்கோ’ என்றால் நீங்கள் ‘ஒக்காருங்க’ என்பீர்கள். அப்பாவின் ஆட்கள், யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த குளத்துக் காணிக்கு வந்தவர்கள், நீங்கள் வாய் திறந்தால் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள். நான் அவர்கள் பக்கத்துத் தமிழைப் பிடித்துக்கொண்டேன். அன்று காலமை கச்சான் கடலைத் தோட்டத்து வேலைக்குப் போகாமல், நல்ல சேலை உடுத்து நீங்கள் வெளிக்கிட, நான் சொன்னேன்: “அங்க வந்து கதைக்காதேங்கோ. ரீச்சர் ஏதும் கேட்டா ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. வழி முழுக்க மெல்லமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். ஓம். ஓம். ஓம். எனக்கு வெட்கமாக இருந்தது, பத்தடி முன்னால் நடந்தேன்.

மகன் வீட்டில் சொல்வழி கேட்கிறவரோ என்று ரீச்சர் கேட்டா. ஓம் என்றீர்கள். அது சரியாக அமைந்தது. பிறகு அவா, “இவர் பெரிசா வந்து என்னவா வரவேணும் எண்டு விருப்பம்?” என்றா. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, “ஓம்” என்றீர்கள். ரீச்சர் சிரித்தா. வரிசையில் பின்னால் நின்ற தாய்மாரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

நீங்கள் அன்று என்ன சொல்ல நினைத்தீர்கள்? பிறகு எத்தனை வருசம் ஒரு வீட்டில் இருந்தோம். ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை.

வகுப்புக்குத் திரும்பி வருகிறேன். தர்ஷினி எழுதுவித்ததைக் கண்டதும் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லாரும் அவளைப் போலக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். நிலக்சன் மைக்கைப் பறித்து, “ஆமா சார், பாடம் ரொம்ம்ப நல்லாருக்கு சார்,” என்று இழுத்தான். “இழுக்காத, அதுக்குப் பிடிக்காது,” என்று தர்ஷினி அவனைத் திருத்தினாள். அவன் அடங்கித் திருத்திக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்தது. வரிசையாக வந்து அவளிடம் கேட்டுக் கேட்டுக் கதைத்தார்கள்.

நாலைந்து பேர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு மெசினுக்காக இந்தப் பிள்ளைகள் பத்து நிமிசத்தில் தங்கட கதையை விட்டுவிட்டார்கள். அது பேசாமல் இருக்கிறது, இவர்கள் தாங்களாக வாயை மாற்றிக்கொள்கிறார்கள். இதைத்தானே நான் உங்களை ஒரே காலமைக்குள் செய்யச் சொன்னேன்?

மைக்கை வாங்கி நிறுத்தினேன். பாடத்திட்டத்தில் இல்லாததைச் சொன்னேன்.

“எங்கட அம்மாவும் தர்ஷினி மாதிரித்தான் கதைப்பா. நான் அவாவைப் பள்ளிக்கூடத்தில கதைக்க வேண்டாம் எண்டு சொன்னனான். அது பிழை.”

அவ்வளவுதான் அம்மா. இதைச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு வருசம் எடுத்தது. சொல்ல எடுத்த நேரம் அரை நிமிசமும் இல்லை. பின்வரிசையில் மிஸ்ஸின் பேனை நின்றிருந்தது.

பிறகு என் தொழிலைச் செய்தேன். இது ஏன் பிழைக்கிறது என்று விளங்கப்படுத்தினேன். எந்தக் கதையை நிறையக் கேட்டுப் பழகியதோ அதைத்தான் எழுதும், கேட்காததைத் தெரிந்த ஒன்றாக நினைத்துக்கொள்ளும். மொக்கு அதுதான், நீங்கள் இல்லை என்றேன். அப்படியென்றால் தர்ஷினி கதைக்கிறது எல்லாம் அதுக்குத் தெரியுமோ என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. தர்ஷினி கொஞ்சம் யோசித்து, “பெரட்டு” என்றாள். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கிறது என்று அவளே வகுப்புக்குச் சொன்னாள். நீங்களும் சொல்வீர்கள், விடிய எழும்பாவிட்டால் ‘பெரட்டுக்கு நேரமாச்சு’ என்று என் போர்வையை இழுப்பீர்கள். திரையில் ‘புரட்டு’ என்று விழுந்தது. இந்த முறை அவளும் சேர்ந்து சிரித்தாள்.

கரும்பலகையில் ‘இதுக்குத் தெரியாத சொல்லுகள்’ என்று எழுதினேன். ஓம், விளங்கேல்லை, வாறன், பெரட்டு. பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுத இடம் போதவில்லை. மணி அடித்ததும் கேட்கவில்லை.

பிறகு மிஸ் என்னைக் கூப்பிட்டா. “இப்பிடிப் பிழைக்கும் எண்டு உமக்கு முதலே தெரியுமோ?” என்று கேட்டா. தெரியாது என்றேன். வீட்டில் சோதித்தபோது செய்தி வாசிக்கிறவர் மாதிரிக் கதைத்திருக்கிறேன், வகுப்பில் யார் அப்படிக் கதைப்பார்கள், என்ர சோதனையே பிழை என்றேன். “சரி, அந்தப் பலகையை அழிக்காதேயும். நான் ஒரு படம் எடுக்கவேணும்,” என்றா. படிவத்தில் நல்ல புள்ளிதான். கீழே குறிப்பில், ‘நேர முகாமைத்துவத்தில் கவனம் தேவை’. அதுவும் சரிதான்.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆமை என்று இன்னும் கூப்பிடுகிறார்கள். ஆனால் இப்ப அவள் திருப்பிக் குடுக்கிறாள். நிலக்சனுக்கு ‘விலங்கு’ என்று பெயர் வைத்தது அவள்தான். அந்தச் சொல்லுகளைப் பிள்ளைகள் தங்கட குரலில் பதிந்து சேர்க்கிறார்கள், பெயர்ப்பட்டியலை அவள் வைத்திருக்கிறாள். இருநூறு தாண்டிவிட்டது. அதை வைத்து ஒரு மெசினுக்கு எங்கட கதையைப் பழக்க முடியுமா? இது காணாது, இன்னும் ஆயிரக்கணக்கில் வேணும். எனக்குத் தெரியும். அதுக்காக விடுவேனா?

இந்த வெள்ளிக்கிழமை தர்ஷினியின் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தா. மகள் ஏதும் குழப்படி செய்துவிட்டாளோ என்று பயந்து வந்தவா. கணினி அறை வாசலில், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றா. நான் நிமிர்ந்து பார்த்தேன். “வாங்கம்மா, ஒக்காருங்க,” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை அம்மா. அது உங்கட வாயிலிருந்து என்ர வாய்க்கு எப்போது வந்தது, இவ்வளவு நாளும் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவா கதிரையில் இருந்தா. நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். பிள்ளை பெரிசாகி என்னவாக வரணும்னு ஆசை?

அவா கதைத்தா. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிற வேலை, வெள்ளைக் கோட்டுப் போட்டு, மின்விசிறிக்குக் கீழே, வெயில் படாமல். அதுக்கு என்ன படிக்கணும், எந்த ஊருக்குப் போகணும், தனியா விடலாமா, எல்லாம் கேட்டா. ஒரு பாட நேரம் முழுக்கக் கதைத்தா. தர்ஷினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளி இல்லை, பக்கத்தில்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது உங்கட பதிலும் இவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அதில் வாத்தியார் என்ற சொல் இருந்திருக்குமா? இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான் ஆகிவிட்டேன், நீங்கள் பெருமைப்படலாம். நான் உங்களை நினைத்துப் பெருமைப்படுகிறேன்.

ஒன்று மட்டும் வாக்காகத் தருகிறேன். எந்த ஊருக்கு நியமனம் வந்தாலும் சரி, என்ர மேசைக்கு முன்னால் வந்து இருக்கிற எந்த அம்மாவிடமும் ஓம் என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோகிற கேள்வியை நான் கேட்கமாட்டேன். பதில் வரும்வரைக்கும் பொறுத்திருப்பேன். பொறுமை இல்லாதவன் என்று நீங்கள் ஏசின அதே ஆள்தான் சொல்கிறேன்.

ஆமா அம்மா,
உங்க மகன்தான்.