அப்பா சாகாத படம்

பெரியவனே,

சாதம் குக்கர்ல இருக்கு. குழம்பைச் சூடு பண்ணிக்கோ. வெளியே கிளம்பினா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட கொடுத்துட்டுப் போ. நான் தியேட்டர் மேனேஜரைப் பார்க்கப் போறேன். நாளைக்கு அப்பா நினைவா போடற படத்தை மாத்தச் சொல்லணும்.

நேத்து நீ கத்தினதை ராத்திரி யோசிச்சுப் பார்த்தேன். ஐம்பது வருஷம் நடிச்ச மனுஷனுக்கு விருது வாங்கின படத்தைத்தான் போடணும்னு நீ சொல்றது நியாயம்தான். ஆனா அதுல கடைசியில அவர் கட்டில்ல கிடந்து சாகறார். போன மாசம்தான் அதை நிஜமாவே பார்த்தேன். இன்னொரு தடவை, அத்தனை பேர் நடுவுல உட்கார்ந்து பார்க்க என்னால முடியாதுப்பா.

அந்தத் தபால்காரர் படத்தைப் போடச் சொல்றேன். ஓடாத படம்தான். சைக்கிளோட சேத்துல விழுவாரே, ஸ்கூல்ல கேலி பண்றாங்கன்னு நீகூட அழுதியே, அதேதான். எனக்குப் பிடிச்சது அதுதான். கடைசி வரைக்கும் நல்லா இருக்கார்.

மத்தியானம் பத்திரிகைக்காரர் போட்டோ கேட்டு வருவார். ஆல்பத்துலேருந்து எதை வேணா கொடு, ஆஸ்பத்திரியில எடுத்தது மட்டும் வேண்டாம்.

கோபத்தைச் சாப்பாட்டுல காட்டாதே.

அம்மா

இடமில்லாம ஓரத்துல எழுதறேன். அந்தச் சாவு சீன் எடுத்த அன்னிக்கு வீட்டுக்கு வந்தவர், "காலையிலேருந்து செத்துச் செத்து இடுப்பே போச்சு, சாப்பாடு போடு"ன்னார். ஆஸ்பத்திரியில டாக்டர் வெளியே போன பிறகும், கண்ணைத் திறந்து அப்படி ஏதாவது சொல்லிடுவார்னு நான் கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன்.