தென்கரையில் அறுநூற்று எண்பது வாத்துகள்

பொம்மசந்திரா,
22-1-2026, வியாழன்.

அன்புள்ள ரெமிஜியஸுக்கு அர்ஜுனன் எழுதுவது.

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள். ஒன்று யானை, அடுத்தது எறும்பு. வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் விழுகிறது. வீட்டுக்காரி ரத்தினம்மாள் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. "ழகரம் போடச் சொன்னா பானை வரையிறீங்களே" என்று இன்றைக்கும் தலையில் அடித்துக்கொண்டாள். ஐந்தாவது வரை படித்தவள் அல்லவா, அந்தத் திமிர் இத்தனை வருஷம் கழித்து வெளியே வருகிறது. வரட்டும். அறுபத்தொன்பது வயதில் நானே எழுதும் முதல் கடிதம் இது. திங்கட்கிழமை ஆரம்பித்தேன். உறையின் மேல் உன் பெயரை எழுதுவதற்கே ஒரு மாலை போயிற்று. உன் அப்பா உனக்கு அந்தோணி என்று வைத்திருக்கக் கூடாதா? ஆனாலும் எழுதி முடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ மகள் டோரதி வீட்டுக்குத் திருச்சி போன பிறகு, ஏரி வாசல் கேட்டில் நான் ஒருவன்தான். இந்தக் குளிர்காலம் என் பொறுமையைத் தின்கிறது. ஐந்தரைக்கே பீரங்கி மாதிரி கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். ஆறு மணிக்குத்தான் திறப்பேன் என்றால், "அங்கிள், ப்ளீஸ் அங்கிள்" என்று கேட்டை ஆட்டுகிறார்கள். உள்ளே நான் இருமினால் உஷ் என்கிறார்கள். ஒரு நீலச்சிறகி வாத்து தலையைத் தூக்கினால் அவர்களே கூச்சல் போடுகிறார்கள். நேற்று ஒருவர், முந்தாநாள் இந்தக் கிளையில் இருந்த மீன்கொத்தி இன்றைக்கு எங்கே என்று என்னிடம் கேட்டார். நான் என்ன, அதற்கு லீவு கொடுத்தேனா?

போன ஞாயிற்றுக்கிழமை வருஷாந்திர வாத்துக் கணக்கெடுப்பு நடந்தது. தென்கரை வழக்கம்போல நமக்கு. நீ பைனாகுலரில் பார்த்துப் பத்துப் பத்தாகச் சொல்வாய், நான் பத்துக்கு ஒரு புளியங்கொட்டை சட்டைப் பையில் போடுவேன், கடைசியில் நீ கொட்டையை எண்ணித் தாளில் எழுதுவாய். இந்த முறை பார்த்தது, போட்டது, எழுதியது எல்லாம் நான்தான். அறுபத்தெட்டுக் கொட்டை. அறுநூற்று எண்பது என்று என் கையால் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். கட்டைவிரல் நீலமாகாமல் வீட்டுக்குப் போனது அன்றைக்குத்தான்.

சந்தோஷப்பட விட்டார்களா? போன வருஷம் நாம் கொடுத்தது இருநூற்று அறுபது, அதற்கு முந்தின வருஷம் நானூற்றுப் பத்து. வடகரையை எண்ணிய கிருஷ்ணப்பா தாளைப் பார்த்து, "ஏனு குரு, ராத்திரி லாரியில கொண்டாந்து இறக்கினியா?" என்று சிரிக்கிறான். கணக்கெடுப்பு நடத்தும் ஸ்னேஹா மேடம் நம்பாமல் தானும் போய் எண்ணினார். அவருக்கு அறுநூற்று எழுபத்து நான்கு. உடனே அவரோடு வந்த சஞ்சய் சார் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பார்த்தீங்களா அங்கிள், லைட்டை ஆஃப் பண்ணதுக்கு ரிசல்ட்!" என்கிறார்.

லைட் கதை உனக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக வாத்து குறைந்ததற்கு, எதிர்க்கரை அப்பார்ட்மெண்டின் நடைபாதை விளக்குதான் காரணம் என்று இந்தப் பறவைக்காரர்கள் முடிவு கட்டினார்கள். மனு மேல் மனு கொடுத்து, நவம்பரிலிருந்து விளக்கை அணைக்க வைத்துவிட்டார்கள். விடியுமுன் நடக்கப் போன அந்த அப்பார்ட்மெண்ட் பத்ரிநாத் சார் இருட்டில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு கேட்டுக்கு வந்து, "வாத்துக்குத் தூக்கம் வேணும், எனக்குக் கால் வேணாமா?" என்று என்னைப் பிடித்துக் கத்துகிறார். பிப்ரவரி முதல் தேதி கூட்டம். இனி எல்லாக் குளிர்காலத்துக்கும் விளக்கு கிடையாது என்று எழுதி வாங்கப் போகிறார்களாம். அதற்கு ஆதாரம் நம் தாள்.

அம்மா டோரதி, இதைப் படிப்பது நீதான் என்று எனக்குத் தெரியும். இந்த இடத்தில் உன் அப்பா, போதும் மடித்து வை, காப்பி போடு என்பார். காப்பி அப்புறம் போடலாம். நிறுத்தாமல் சத்தமாகப் படி.

ரெமிஜியஸ், வாத்து எங்கேயும் போகவில்லை. போன வருஷமும் கோரைப்புல் பக்கம் ஒரு பெரிய கூட்டம் இருந்தது. வெறும் கண்ணாலேயே எனக்குத் தெரிந்தது. சொன்னேன். "அது அலைடா, நீ கொட்டையப் போடு" என்றாய். கைநாட்டுக்காரன், எழுதத் தெரிந்தவனை எப்படித் திருத்துவது என்று வாயை மூடிக்கொண்டேன். கேட்டோரம் ஆள் மாதிரி நிற்கும் பெங்குவின் பொம்மைக் குப்பைத்தொட்டியிடம் நீ டிக்கெட் கேட்டாயே, அதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்ச் மாதம் ஜீவனஹள்ளி கண் முகாமில்தான் எனக்கு உறைத்தது. இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டால் பார்வை திரும்புவது கஷ்டம் என்று டாக்டரம்மா உன்னிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். நீ வெளியே வந்து சீட்டைக் கிழித்தாய். "பழுக்கட்டும்டா, பார்த்துக்கலாம்" என்றாய், மாம்பழம் மாதிரி. டோரதியிடம் மூச்சு விடமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். பத்து மாதம் ஆகிவிட்டது. போனில் கண் எப்படி என்றால் ஜோராக இருக்கிறது என்கிறாய், மேலே கேட்டால் வைத்துவிடுகிறாய். சத்தியம் வாங்கும்போது எனக்கு எழுதத் தெரியாது. அதை நீ யோசித்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் உண்மையைச் சொல்லப் போகிறேன். பத்ரிநாத் சாரின் காலைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தப்பாக எண்ணிவிட்டோம் என்றுதான் சொல்வேன். கொட்டை போட்டவன் நான், பாதித் தப்பு என்னுடையது. உன் கண்ணைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை வராது.

டோரதி, உன் அப்பாவுக்குக் கத்தி என்றால் பயம். முள் எடுக்கவே என்னை ஊசி பிடிக்க விடமாட்டார். திட்டாதே. கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. முடியாது என்றால் சொல், நான் ரயில் ஏறி வருகிறேன். ரத்தினம்மாளும் வருவாள். அவள் வந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

உன் மாதாவும் எங்கள் எல்லையம்மனும் உனக்குத் துணையிருக்கட்டும், ரெமிஜியஸ். ஊசிவால் வாத்துகள் மார்ச் பாதிவரை இங்கே இருக்கும், அதற்குமேல் நிற்காது.

அடுத்த வியாழக்கிழமையும் எழுதுவேன். ஆபரேஷன் தேதி என் காதில் விழும்வரை வாராவாரம், இதைவிட நீளமாக. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி அலுத்து வரும் டோரதியை எத்தனை வாரம் படிக்க வைப்பாய் என்று நீயே பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அர்ஜுனன்