மெத்தைக் கம்பெனிக்கு அம்மா வைத்த தலைப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலியும் அப்பாவின் அரசியல் கோபமும் மட்டுப்பட்டனவா? நான் சௌக்கியம்.

எனக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். எங்கள் மெத்தைக் கம்பெனியின் இணையப் பக்கத்தை யாராவது வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால், படத்தின் கீழே ஒரு தலைப்பு தெரியுமே, அதை எழுதுகிறேன். பக்கத்துக்குள் இருக்கும் தலைப்பு வேறு. இது வெளியே போய் ஆள் பிடிப்பது. இதற்குத்தான் என்னை அவ்வளவு படிக்க வைத்தீர்கள்.

போன வாரம் சோதித்துப் பார்க்க, நீ போனில் முதலில் கேட்பதையே போட்டேன்: 'நல்லாத் தூங்குறியாடி?' பிறகு மாற்ற மறந்துவிட்டேன். அது உலகமெல்லாம் போய்விட்டது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதால், மேலாளர் கூப்பிட்டதும் கைப்பையோடு போனேன்.

"கஸ்டமரை 'டி' போட்டுக் கேட்டது யாரு?"

"எங்கம்மா சார்."

"ஆம்பளைங்களே 'தூங்கலம்மா'ன்னு பதில் போடுறாங்க. மெத்தையும் வாங்குறாங்க. தலைப்பை மாத்தாதீங்க. அடுத்து தலையணைப் பக்கம் இருக்கு. அம்மா வேற என்ன கேப்பாங்க?"

வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆகவே இனிமேல் போனில் கொஞ்சம் விதவிதமாகக் கேள்.

பரிசாக ஒரு மெத்தை கொடுத்தார்கள். படுத்தால் ஆளே தெரியாமல் புதைந்துபோகிறேன். எனவே நல்லாத் தூங்குறியா என்ற உன் கேள்விக்கு என் பதில்: கிட்டத்தட்ட. யாராவது இந்தப் பக்கம் வந்தால் உன் தலையணை உறை ஒன்றைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

உன் மகள்